பழைய டிஜிட்டல் கேமராவுக்கு எந்த மெமரி கார்டு? வாங்குறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

2000-களில் வாங்கி அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்த குட்டி டிஜிட்டல் கேமராக்கள் மறுபடியும் டிரெண்டில். ஃபிளாஷ் அடிச்ச அந்த 'பளிச்' லுக்குக்காகவே பலர் தேடிப் பிடித்து வாங்குகிறார்கள். ஆசையாக 64 ஜிபி கார்டைப் போட்டால், 'கார்டு எரர்'. பெரும்பாலும் கேமராவில் கோளாறு இருக்காது, கார்டுதான் பொருந்தியிருக்காது.

எஸ்டி கார்டில் தலைமுறைகள் உண்டு. வெறும் 'எஸ்டி' என்றால் 2 ஜிபி வரை. 2006-ல் வந்த 'எஸ்டிஹெச்சி' 32 ஜிபி வரை. அதற்கு மேல் போனால் 'எஸ்டிஎக்ஸ்சி', இது 2009-ல் அறிமுகமானது. மூன்றும் ஒரே சைஸ் என்பதால்தான் குழப்பமே. புது கேமரா பழைய கார்டைப் படிக்கும். பழைய கேமரா புது வகை கார்டைப் படிக்காது. கார்டு போடும் இடத்திலோ மேனுவலிலோ எந்த வகை என்று இருக்கும், பார்த்துக்கோங்க.

8 மெகாபிக்சல் போட்டோ ஒன்று சுமார் 3 எம்பி. 2 ஜிபி கார்டிலேயே 600 படத்துக்கு மேல் பிடிக்கும், தாராளம்! 'வி30' கார்டெல்லாம் 4கே வீடியோ எடுப்பவர்களுக்கு.

நம்ப முடியாத விலைக்கு '1 டிபி' கார்டு கிடைத்தால் உஷார். உள்ளே சின்ன சிப்தான் இருக்கும். அது நிரம்பியதும் படங்கள் காணாமல் போகும். 'ஹெச்2டெஸ்ட்டபிள்யூ' என்ற இலவச விண்டோஸ் மென்பொருளில் சோதித்துவிடலாம்.

கேமராவில் ஏற்கெனவே பழைய கார்டு கிடக்கிறதா? தாத்தா, பாட்டி படங்கள் அதில் இருக்கலாம். 'ஃபார்மட்?' என்று கேட்டால் 'ஓகே' அழுத்தாதீங்க. முதல்ல கார்டு ரீடரில் போட்டு காப்பி எடுங்க.