ஒரே முற்றத்தில் ஒன்பது ராஜாக்கள்

சந்திர நாட்காட்டியின் எட்டாம் மாதப் பௌர்ணமியில் வருகிறது சுசோக், கொரியர்களின் அறுவடைத் திருநாள். முன்னோருக்குப் படையல், 'சோங்பியோன்' என்ற அரிசிமாவுக் கொழுக்கட்டை, சொந்த ஊருக்கு அடித்துப்பிடித்துப் பயணம் என்று நம் பொங்கலைப் போலவே வீடும் ஊருமாகக் கழியும் பண்டிகை. நண்பர்களோடு வெளியே கிளம்பும் இளவட்டங்களுக்குச் சியோலில் பிடித்தமான இடம், 1395-ல் எழுந்த கியோங்போக்குங் அரண்மனை. அதன் முற்றத்தில் நின்றால், தங்க டிராகன் பொறித்த சிவப்பு அங்கியில் ஒன்பது ராஜாக்களாவது கண்ணில் படுவார்கள். ஒருவர் ஐஸ் காபி உறிஞ்சுவார். இன்னொருவர் செல்ஃபிக் குச்சியை நீட்டுவார். ராணிகளுக்குக் கணக்கே கிடையாது. குடியானவன்தான் யாரும் இல்லை. காசு கொடுத்து வாடகைக்கு எடுக்கிறவர் வெள்ளைப் பருத்தியையா கேட்பார்!

ஹன்போக் எனப்படும் இந்த மரபுடை, தொழில்மயமான கொரியாவில் கல்யாணத்துக்கும் குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கும் மட்டும் பெட்டியிலிருந்து வெளியே வருவதாகச் சுருங்கியிருந்தது. 2013-ல் அரண்மனைகள், ஹன்போக் அணிந்து வந்தால் கட்டணமில்லை என்றன. மிச்சமாவது 3,000 வோன்தான். உடையின் வாடகை அதைவிடப் பல மடங்கு. ஆனாலும் அரண்மனையை ஒட்டிய மெட்ரோ நிலையத்தைச் சுற்றி வாடகைக் கடைகள் முளைத்தன. இலவசம் என்ற சொல்லுக்கு எந்த ஊரிலும் தனி மவுசு.

கடைக்குள் போனால் ஜோகோரி என்ற குட்டைச் சட்டையும், மார்பிலிருந்து தரை தொடும் சிமா என்ற பாவாடையும் வரிசையாகத் தொங்கும். மரபான சிமாவை உடலைச் சுற்றி மார்புக்கு மேல் கட்டுவார்கள். இடுப்பு இருக்குமிடமே தெரியாது. வாடகைச் சரக்கிலோ பின்னால் பெரிய ரிப்பன் முடிச்சு, உள்ளே வளையம் வைத்த பாவாடை, மேலே லேஸும் தங்க அச்சும். சிண்ட்ரெல்லாவுக்குக் கொரியச் சட்டை போட்டுவிட்டது போல இருக்கும்.

பெரியவர்கள் சும்மா இருப்பார்களா? அரண்மனை அமைந்துள்ள ஜோங்னோ மாவட்ட நிர்வாகம் 2018-ல், இந்தக் கலப்பு உடைகளுக்கு இலவச அனுமதி கூடாது என்று கிளம்பியது. இன்னொரு சர்ச்சையும் உண்டு. ஆண் ஆணுடையும் பெண் பெண்ணுடையும் அணிந்தால்தான் சலுகை என்றிருந்த விதி, மனித உரிமை ஆணையம் தலையிட்ட பின் 2019-ல் போனது.

அசல், போலி என்ற சண்டையில் என் ஓட்டு லேஸ்காரர்களுக்கே. எந்த நூற்றாண்டு அசல்? கொரியாவை ஆண்ட ஜோசோன் வம்சத்தின் தொடக்கத்தில் ஜோகோரி இடுப்புவரை நீண்டிருந்தது. பிறகு ஏறி ஏறி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் மார்பை மறைக்கவே திணறியது. தலைமேல் கோபுரமாக அடுக்கிய சவுரிகளின் எடையும் விலையும் எல்லை மீற, 1788-ல் மன்னர் ஜியோங்ஜோவே தடை போட்டார். இன்றைய அதிகாரிகளின் கவலை அவ்வளவு பழையது.

1758-ல் பிறந்த ஷின் யுன்-போக் என்ற ஓவியரின் படத்தொகுப்பு, சியோலின் கான்சோங் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் ஒரு வசந்தகால உலா. கணிகையரைக் குதிரையில் ஏற்றிவிட்டு, பிரபு வீட்டுப் பிள்ளைகள் கூடவே நடக்கிறார்கள். கடிவாளம் பிடித்த ஒருவன் தன் கௌரவத் தொப்பியைக் கழற்றிவிட்டு, குதிரைக்காரனின் தொப்பியை மாட்டியிருக்கிறான்! உல்லாசப் பயணத்தில் வேறொருவராக வேடம் போடும் ஆசை அப்போதே இருந்திருக்கிறது. அவன் கீழே இறங்கி விளையாடினான். இன்றைய அலுவலக ஊழியர் மேலே ஏறி விளையாடுகிறார்.

கொரியத் தொடர்கள் பார்த்துவிட்டுச் சியோலுக்கு டிக்கெட் போடும் நம்மவர்களுக்கு: சட்டையும் பாவாடையும் அல்லது சட்டையும் கால்சட்டையும் சேர்ந்திருந்தால்தான் சலுகை, ஒன்றை மட்டும் மாட்டிக்கொண்டு போனால் சீட்டு வாங்கவேண்டும். கியோங்போக்குங்குக்குச் செவ்வாய் விடுமுறை, பக்கத்துச் சாங்தோக்குங் அரண்மனைக்குத் திங்கள். சாங்தோக்குங்கின் பின்தோட்டத்துக்குத் தனிச் சீட்டு உண்டு. இலையுதிர் காலத்தில் அதை முன்பே பதிவு செய்துவிடுவது நல்லது.