வரைபடத்தைச் சுருக்கினாலும் அதிலுள்ள எழுத்து ஏன் சிறுப்பதில்லை?

வடசேரிக் கோயில் நகைகளில் தோட்டின் அடியில் ஜிமிக்கியைக் கோத்துவிட்டால், தோடு போகுமிடமெல்லாம் அதுவும் போகும். டொனால்டு குனூத் 1978-இல் வெளியிட்ட 'டெக்' அச்சுக்கோப்பு முறையில், பின்னாளில் வந்த 'டிக்ஸ்' தொகுப்பைக் கொண்டு கணித வரைபடம் வரையும்போது புள்ளிகளின் பெயர்களும் இப்படித்தான் தொங்குகின்றன. (2, 4) என்ற புள்ளிக்கு 'மேலே' என்று கட்டளையிட்டால், பெயரைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத ஒரு பெட்டி உருவாகும். அதன் அடிவிளிம்பின் நடுப்பகுதி அந்தப் புள்ளியில் போய்ப் பொருந்தும். இப்போது படத்தின் அளவைப் பாதியாக்குங்கள். புள்ளி நகரும், பெயரும் கூடவே வரும். மாறுவது புள்ளியின் இடம்தான் என்பதால் எழுத்து மட்டும் சிறுக்காது.

பெயரைச் சுட்டியால் இழுத்து ஒட்டுவது சுலபம்தானே என்பீர்கள். ஒரே ஒரு படமென்றால் சரிதான். பக்க அகலம் குறைந்ததும், ஒட்டிய எழுத்து படத்தோடு சேர்ந்து சிறுத்துவிடும். கட்டளைக்கும் ஒரு குறை உண்டு: இரண்டு பெயர்கள் மோதினால் அது தானாக விலக்காது, 'மேலே' என்பதை 'வலப்பக்கம்' என்று நீங்கள்தான் மாற்ற வேண்டும்.