கால்பந்து அரங்கில் நம் பெரியவர்களுக்கும் இடம் உண்டு



சென்னையின் எஃப்.சி. ஆட்டம் பார்க்க நம் பிள்ளைகள் பெரியமேடு ஜவஹர்லால் நேரு விளையாட்டரங்கத்துக்குக் கிளம்பும்போது, வீட்டில் தங்கிவிடுபவர்கள் யார் என்று கவனியுங்கள். முழங்கால் வலியுள்ள தாத்தா, சக்கர நாற்காலியில் இருக்கும் தம்பி, அவர்களைப் பார்த்துக்கொள்ளும் உம்மா. ஆசை இல்லாமல் அல்ல. போய்வருவது சிரமம் என்பதால்.

சிரமம் ஓரிடத்தில் மட்டும் இல்லை. 2024 முதல் மாநகரில் புதிய தாழ்தளப் பேருந்துகள் ஓடுகின்றன. மெட்ரோ நிலையங்களில் லிஃப்ட் உண்டு. சென்ட்ரல் வரை வந்துவிடலாம். அங்கிருந்து அரங்கின் வாசல், சோதனை வரிசை, படிகள், கழிப்பறை, கடைசியில் வெளியேறும் நெரிசல் என எதில் தடை இருந்தாலும் பயணம் அங்கேயே நின்றுவிடும். முன்வரிசைக்காரர்கள் எழுந்து நின்றால், சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு மைதானமே தெரியாது. துணைக்கு வந்தவருக்கு வேறு பகுதியில் இருக்கை கிடைத்தால் அவர் வந்தும் பயனில்லை.

2022 கத்தார் உலகக் கோப்பையில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனி டிக்கெட்டும், துணைக்கு வருபவருக்கு இலவச டிக்கெட்டும் தரப்பட்டன. இங்கே அதைக் கேட்டால் சலுகை கேட்பதாகச் சிலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, பொழுதுபோக்கில் சமமாகப் பங்கேற்கும் உரிமையை 29-ஆம் பிரிவில் சொல்கிறது. பொழுதுபோக்குக் கட்டடங்களும் 'பொதுக் கட்டடம்' என்பதில் அடங்கும். அரசுடையதா தனியாருடையதா என்ற வேறுபாடு இல்லை. பழைய கட்டடங்களைத் தடையற்றதாக மாற்ற 45-ஆம் பிரிவு தந்த ஐந்தாண்டுக் கெடு 2022-இல் முடிந்தது. அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்கக் கூடாது, கட்டாயமாக வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. மாற்றுத்திறனாளி அட்டை இல்லாத முதியவருக்கும் அந்தச் சாய்தளமும் கைப்பிடியும் பயன்படும்.

நாம் செய்ய வேண்டியவை:

• டிக்கெட் வாங்கும் முன் அணி நிர்வாகத்துக்கு எழுதிக் கேளுங்கள்: எந்த வாசலில் சாய்தளம் உண்டு? சக்கர நாற்காலிக்கு இடம் எங்கே? துணைவருக்குப் பக்கத்து இருக்கை கிடைக்குமா? கழிப்பறை எவ்வளவு தூரம்?
• முன்கூட்டியே போய்ச் சேருங்கள். ஆட்டம் முடிந்ததும் கூட்டம் கலையும்வரை காத்திருந்து கிளம்புங்கள்.
• தடை இருந்தால் புகைப்படமும் தேதியும் குறித்து, மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்குப் புகார் எழுதுங்கள்.

கடிதம் எழுத உதவி வேண்டுவோர் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வாருங்கள். இன்னொன்று: அந்தச் சட்டத்தின் 'பொதுக் கட்டடம்' வழிபாட்டு இடங்களையும் சேர்த்தே சொல்கிறது. அரங்கைக் கேட்கும் நாம், நம் பள்ளிவாசல் படிகளையும் ஒருமுறை பார்த்துக்கொள்வோம், இன்ஷா அல்லாஹ்.

— செயலாளர்