நரைத்த கறுப்பு

பழைய காரின் பிளாஸ்டிக் பம்பருக்கு மறுபடியும் நிறம் ஏற்றுவது பூச்சு வேலை அல்ல, பொறுமை வேலை

மட்டாஞ்சேரி யூதர் தெருவில் பழமைக்கு எப்போதும் மவுசு. தேய்ந்த மரக்கதவு, களிம்பேறிய உருளி, நின்றுபோன சுவர்க் கடிகாரம் எல்லாவற்றுக்கும் அங்கே ஒரு விலை உண்டு. எவ்வளவு பழசோ அவ்வளவு விலை. அங்கிருந்து நடக்கிற தூரத்தில், சுக்கும் மிளகும் மணக்கும் கிட்டங்கிகளைத் தாண்டிய ஒரு சந்தில், நேர்மாறான தொழில் நடக்கிறது. பழசைப் புதுசாக்குகிறார்கள். என் 1998-ம் வருடத்து மாருதி 800-ஐ அங்கேதான் கொண்டுபோய் நிறுத்தினேன்.

எஞ்சினில் குறை ஒன்றுமில்லை. பம்பர்தான் பார்க்கச் சகிக்கவில்லை. பாதி சாம்பல், பாதி கறுப்பு, நடுவில் வெயிலில் உரிந்த தோல் போலத் தொங்கும் பெயின்ட். தகர டப்பா என்ற பொருளில் மலையாளிகள் ‘பாட்ட வண்டி’ என்று ஒரு வார்த்தை வைத்திருக்கிறார்கள். என் வண்டி அந்த ஜாதியில் சேர்ந்து இரண்டு வருடமாகியிருந்தது.

அம்பாசடர், ஃபியட் காலத்தில் இந்தச் சிக்கல் இல்லை. அவற்றின் பம்பர் இரும்பு. மேலே குரோமிய முலாம். துருப்பிடித்தால் தேய்த்து மறுபடி முலாம் போட்டார்கள். பிளாஸ்டிக் பம்பரை 1972-லேயே பிரான்சின் ரெனோ 5 உலகத்துக்கு அறிமுகப்படுத்திவிட்டது. இந்திய நடுத்தரக் குடும்பத்துக்கு அதைக் கொண்டுவந்தது மாருதி. 1983 டிசம்பரில் தொடங்கி 2014 ஜனவரியில் உற்பத்தி நிற்கும்வரை இந்தியாவில் 25 லட்சத்துக்கும் மேல் விற்ற மாருதி 800-களில் மிகப் பலவற்றுக்கு வர்ணம் பூசாத கறுப்பு பிளாஸ்டிக்தான் முகம். லேசாக இடித்தால் நசுங்காது, துருப்பிடிக்காது, கனமில்லை. வாங்கிய புதிதில் யாரும் அதைத் துடைக்கக்கூட நினைக்கவில்லை. எதிரி மேலே இருந்தான்.

இந்த பிளாஸ்டிக்கின் பெயர் பாலிப்ரொப்பிலீன். கறுப்பாக்குவதற்காக அதில் கலப்பது மிக நுண்ணிய கரித்தூள், ஏறக்குறைய விளக்குப் புகையில் சேரும் கரியேதான். அந்தக் கரி நிறத்துக்கு மட்டுமல்ல, வெயிலிலிருந்து பிளாஸ்டிக்கைக் காக்கும் குடையாகவும் வேலை செய்கிறது. ஆனால் வருடக்கணக்கில் விழும் புற ஊதாக் கதிர் மேற்பரப்பின் நீண்ட மூலக்கூறு இழைகளை அறுத்துக்கொண்டே போகிறது. கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் விழுகின்றன, தூள் படிகிறது. அந்தக் கரடுமுரடில் ஒளி சிதறுவதைத்தான் நாம் ‘வெளுத்துவிட்டது’ என்கிறோம். பக்கத்தில் ஃபோர்ட் கொச்சியின் தோபி கானாவில், டச்சுக்காரர் காலத்தில் ராணுவ உடை வெளுக்க வந்ததாக வழிவழியாகச் சொல்லிக்கொள்ளும் தமிழ்க் குடும்பங்கள் இன்றும் துணி உலர்த்துகின்றன. அவர்களுக்குச் சோறு போடும் வெயில்தான் என் பம்பரையும் வெளுத்திருக்கிறது.

காரணம் தெரிந்தால் நாட்டு வைத்தியத்தின் சூட்சுமமும் புரிந்துவிடும். தேங்காய் எண்ணெய், கெரசின், ஷூ பாலிஷ், எஞ்சினிலிருந்து வடித்த பழைய ஆயில் என்று ஆளுக்கொரு மருந்து சொல்வார்கள். பூசிய அன்றைக்குப் பம்பர் பளபளவென்றுதான் இருக்கும். நனைந்த கருங்கல் கறுத்துத் தெரிவது போலத்தான் இதுவும்; வெடிப்பை எண்ணெய் நிரப்புவதால் ஒளி சிதறாமல் போகிறது. இரண்டு மழைக்குப் பிறகு கல் காய்ந்துவிடும். நடுவில் அந்தப் பிசுபிசுப்பில் ஒட்டிய தூசி மட்டும் மிச்சம். வெப்பக் காற்றுத் துப்பாக்கியால் சூடு காட்டுவது இன்னொரு வழி. மேல்தோல் இளகிச் சேர்ந்துகொள்வதால் கறுப்பு நிஜமாகவே திரும்பி வரும், சில மாதங்கள் நிற்கவும் செய்யும். கை ஒரு நொடி தங்கிவிட்டால் பம்பர் அப்பளமாகச் சுருங்கும். ஒவ்வொரு முறையும் உரிப்பதற்குப் புதுத் தோல் இருக்கப் போவதுமில்லை.

நான் செய்த தப்பு வேறு. 2023-ல் வண்டிக்கு மறுபதிவு முறை வந்தது. 2022 ஏப்ரலுக்கு முன்பு 600 ரூபாயாக இருந்த கட்டணம் 5,000 ஆகியிருந்தது. அவ்வளவு கட்டுகிறோமே, அதிகாரி முன் கொஞ்சம் மரியாதையாக நிற்கட்டும் என்று ஓரிடத்தில் ‘பட்டி டிங்கரிங்’ பார்த்து முழு வண்டிக்கும் பெயின்ட் அடிக்கக் கொடுத்தேன். பம்பரையும் சேர்த்து ஒரே நாளில் முடித்துக் கொடுத்தார்கள். சான்றிதழ் கிடைத்தது. அடுத்த இடவப்பாதியில், அதாவது தென்மேற்குப் பருவமழையில், பம்பரிலிருந்து பெயின்ட் வாழைப்பட்டையாக உரிந்து வந்தது. தகரத்தில் அடித்தது அப்படியே இருந்தது.

தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாததற்கு இலையைக் குற்றம் சொல்ல முடியாது. பாலிப்ரொப்பிலீனும் அப்படித்தான். இத்தாலியின் ஜூலியோ நாட்டா 1954-ல் இதை ஒழுங்கான வடிவில் உருவாக்கி, 1963-ல் கார்ல் சீக்லருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அமிலத்துக்கு அசையாது, தண்ணீர் குடிக்காது என்பதெல்லாம் அதன் பெருமை. பசையும் பெயின்டும் பிடிக்காது என்பது அதே குணத்தின் மறுபக்கம். கார்த் தொழிற்சாலைகளில் இதற்கு வர்ணம் பூசுமுன் மேலே தீ நாக்கை ஓடவிட்டுப் பரப்பின் குணத்தையே மாற்றுவது உண்டு. சந்து வொர்க்‌ஷாப்பில் அதற்குப் பதிலாகப் பிடிமானத் திரவம் ஒன்று இருக்கிறது. டப்பாவில் பிளாஸ்டிக் பிரைமர் என்று எழுதியிருக்கும். ஒரு பக்கம் பிளாஸ்டிக்கையும் மறுபக்கம் பெயின்டையும் பிடித்துக்கொள்ளும் தரகர். அந்த ஒரு டப்பாவைத்தான் என்னிடம் மிச்சப்படுத்தியிருந்தார்கள்.

மட்டாஞ்சேரிக்காரர் அறுபதைத் தாண்டியவர். நான் “இக்கா” என்று கூப்பிட, அவர் “மோளே” என்றார். பம்பரைக் கழற்றித் திருப்பிப் போட்டு, உள்பக்கம் அச்சாகியிருந்த ‘பி.பி.’ என்ற எழுத்துகளைக் காட்டினார். எழுத்து அழிந்திருந்தால் ஓரத்தில் ஒரு துணுக்குச் சீவித் தண்ணீரில் போட்டுப் பார்ப்பாராம். பாலிப்ரொப்பிலீன் பெரும்பாலும் மிதக்கும். கிரில்லுக்கும் கண்ணாடிக் கூட்டுக்கும் பயன்படும் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் மூழ்கும், அது பெயின்டுக்கு இணங்குகிற சாது.

முதல் நாள் முழுக்கக் கழுவல்தான். சோப்புத் தண்ணீர், பிரஷ், மறுபடி சோப்பு. பாலிஷில் இருந்த சிலிக்கான் கொஞ்சம் தங்கினாலும் போதும், பூச்சில் அம்மைத் தழும்பு போலக் குழி விழும். பிறகு உரிந்ததை எல்லாம் சுரண்டி, 400 நம்பர் வாட்டர் பேப்பரால் தண்ணீர் விட்டுத் தேய்த்தார். சொரசொரப்பு வடிவம் போட்ட இடத்தில் தாள் போகக் கூடாது, வடிவம் அழிந்துவிடும். அங்கே பாத்திரம் தேய்க்கும் பச்சை நார். சாணைத் துணுக்கு போல எழும்பிய பிசிறுகளை விரலால் தடவித் தடவி மறுபடி தேய்த்தார். மதியம் சாப்பிட்டு வந்து பார்த்தேன், தேய்த்துக்கொண்டேதான் இருந்தார். பார்வைக்குப் பம்பர் முன்னைவிடக் கேவலமாக இருந்தது.

மறுநாள் தின்னரில் நனைத்த துணியால் ஒரு துடை. பிடிமானத் திரவம், கண்ணாடி மாதிரி, மிக மெல்லிசாக. அது முழுக்கக் காய்வதற்குள், டப்பாவில் சொன்ன நிமிடக் கணக்குக்குள், பளபளப்பில்லாத கறுப்பு பெயின்ட். முதல் பூச்சில் அடியில் இருப்பது தெரிந்தது. தெரியத்தான் வேண்டுமாம், ஒரே பூச்சில் மூட நினைப்பவன் வழியவிடுவான். பத்துப் பதினைந்து நிமிட இடைவெளியில் மூன்று பூச்சு. நான் டிசம்பரில் போனது நல்லதாயிற்று. வருடத்துக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரில் ஜூனிலிருந்து துலா மழை ஓயும்வரை ஈரக்காற்று பெயின்டுக்குள் புகுந்து பால் படிந்தது போல வெளிற வைக்கும். மழை மாதங்களில் இந்த வேலையை அவர் ஒப்புக்கொள்வதில்லை. அவசரக்காரர்கள் வேறு கடைக்குப் போகிறார்கள்.

அவர் விட்டு விட்டு இருமுவதை அப்போதுதான் கவனித்தேன். என் பம்பருக்கு அடித்தது டப்பாவில் வரும் ஒற்றைக் கலவை. முழு காருக்கு அடிப்பது வேறு: பெயின்டும் கடினமாக்கியும் தனித்தனியாக வந்து கலக்கப்படும் இரட்டைக் கலவை. அந்தக் கடினமாக்கியில் ஐசோசயனேட் இருக்கிறது. 1984-ல் போபாலைக் கொன்ற வாயு அல்ல, ஆனால் அதே குடும்பம். தொழில்வழி வரும் ஆஸ்துமாவுக்கு உலகெங்கும் அறியப்பட்ட முக்கியக் காரணங்களில் ஒன்று. கெடுதல் செய்யும் அளவை மூக்கு மோந்து கண்டுபிடிக்க முடியாது; ஒரு முறை உடம்பு அதற்கு ஒவ்வாமல் போய்விட்டால் பிறகு துளி போதும், மூச்சு முட்டும். வெளிக்காற்றைக் குழாய் வழியே தரும் முகமூடிதான் இதற்குச் சரியான காப்பு. இக்கா முகத்தில் கட்டியிருந்தது ஒரு தோர்த்து. வடிகட்டி வைத்த முகமூடி ஒன்று ஆணியில் தொங்கியது. வடிகட்டி மாற்றி நாளாகியிருந்தது. இந்தப் புழுக்கத்தில் அதைப் போட்டுக்கொண்டு பத்து நிமிடம் நிற்க முடியாது என்றார். பளபளப்பைக் கேட்டு வாங்கிப் போகிற நாம் யாரும் இந்தக் கடைக்குள் எட்டிப் பார்த்து, எதைக் கட்டிக்கொண்டு அடிக்கிறீர்கள் என்று கேட்டதில்லை. நானும் மூன்றாம் நாள்தான் கேட்டேன்.

கூலியும் டப்பாக்களும் சேர்த்து 3,200 ரூபாய். சந்தையில் கிடைக்கும் போலிப் பம்பர் இரண்டு வாங்கியிருந்தால் இதைவிடக் குறைவாக முடிந்திருக்கும் என்பதை மறைப்பதற்கில்லை. கனம் குறைந்த பிளாஸ்டிக், துளையும் போல்ட்டும் சந்திக்காது, ஓரத்தில் விரல் நுழையும் இடைவெளி நிற்கும், கழற்றியது குப்பைக்குப் போகும். ஒரிஜினல் இருபத்தைந்து வருடத்துக்கும் மேல் தாங்கியிருக்கிறது, இன்னும் வளைகிறது, உடையவில்லை. வெடித்தோ நொறுங்கியோ போயிருந்தால் நானும் புதிதுதான் வாங்கியிருப்பேன். தோல் மட்டும் போனதற்குத் தலையை வெட்டத் தோன்றவில்லை.

மூன்றாம் நாள், பம்பரின் அடிப்பக்கம் யாரும் பார்க்காத ஓரத்தில் பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, அதன்மேல் டேப்பை அழுத்தி ஒட்டி, சட்டென்று பிய்த்தார் இக்கா. டேப்பை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். ஒரு கறுப்புப் பொட்டும் இல்லை. “ஒரு வாரம் சோப்பு போட்டுக் கழுவாதே, மோளே” என்றார்.

வண்டியை எடுத்துக்கொண்டு மட்டாஞ்சேரிப் பாலம் ஏறி இறங்கி வீட்டு வாசலில் நிறுத்திப் பார்த்தேன். முன்னும் பின்னும் புத்தம்புதுக் கறுப்பு. இத்தனை நாள் கண்ணில் படாத பக்கவாட்டுப் பட்டைகள் இரண்டும் சாம்பல் பூத்துக் கிடந்தன.