சிவப்பா? நீலமா?
(ஒரு மலையும் இரண்டு கம்பெனிகளும்)

கார் பந்தயம் என்றதும் நம்ம பசங்க மனசில் முதலில் வருவது ஃபார்முலா ஒன் தான். வானத்திலிருந்து இறங்கி வந்த மாதிரி ஒரு வண்டி, அதில் ஒற்றை ஆள். அதை யாரும் கடையில் போய் வாங்க முடியாது. இன்னொரு வகைப் பந்தயம் இருக்கிறது. நாலு பேர் உட்கார்ந்து கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போகிற சாதாரணக் காரை எடுத்து, உள்ளே இருக்கிற சீட்டையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு, இரும்புக் குழாயில் கூண்டு கட்டி ஓட்டுவது. இதுதான் டூரிங் கார் ரேஸ். 'நம்ம வீட்டு வாசலில் நிற்கிற வண்டிதானே அங்கே ஓடுது' என்கிற அந்த ஒரு நினைப்பு போதும், ஜனங்களுக்கு வெறி பிடிக்க! அந்த வெறி உச்சத்துக்குப் போன நாடு ஆஸ்திரேலியா. அங்கே மோதிக்கொண்ட இரண்டு கட்சிகள் நீலக்கொடி ஃபோர்டும் சிவப்புக்கொடி ஹோல்டனும்.

முதலில் களத்தைப் பார்த்துவிடுவோம். சிட்னிக்கு மேற்கே சுமார் 200 கிலோமீட்டரில் பாதர்ஸ்ட் என்று ஓர் ஊர். அங்கே மவுண்ட் பனோரமா என்கிற மலையைச் சுற்றி 1938-ல் போட்ட ரோடு. ஒரு சுற்று 6.213 கிலோமீட்டர். அடிவாரத்துக்கும் உச்சிக்கும் 174 மீட்டர் உயர வித்தியாசம். சில இடங்களில் சரிவு ஆறுக்கு ஒன்று. அதாவது ஆறு அடி போனால் ஓர் அடி ஏற்றம். இதில் 161 சுற்று, மொத்தம் 1000 கிலோமீட்டர். பந்தயம் இல்லாத நாளில் இதே ரோட்டில் யார் வேண்டுமானாலும் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகலாம். ரோட்டோரம் வீடுகள்கூட இருக்கின்றன. மலையிலிருந்து இறங்கி வரும் நீண்ட நேர்ப்பாதைக்குப் பெயர் கான்ராட் ஸ்ட்ரெயிட். 1939-ல் அங்கே ஒரு பந்தயக் காரின் கனெக்டிங் ராட் முறிந்துபோனது, அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. மெக்கானிக்கல் பசங்களுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் உலகத்தில் எங்கேயாவது இருக்குமா?

பந்தயம் 1960-ல் வேறு இடத்தில் ஆரம்பித்து 1963-ல் பாதர்ஸ்டுக்கு வந்தது. அப்போது தூரம் 500 மைல். கண்டிஷன் ரொம்ப எளிது: ஷோரூமில் என்ன விற்கிறாயோ அதைத்தான் ஓட்ட வேண்டும். 1966-ல் குட்டி மினி கூப்பர்கள் முதல் ஒன்பது இடத்தையும் அள்ளிக்கொண்டு போயின. பெரிய கம்பெனிகள் சும்மா இருக்குமா? மறு வருஷமே ஃபோர்டு தன் ஃபால்கன் காரில் வி-8 இன்ஜினை வைத்து வந்து ஜெயித்தது. 1968-ல் ஹோல்டன் மொனாரோ என்கிற வி-8 காரோடு வந்து பதில் கொடுத்தது. 1969-லும் மொனாரோதான். 1970, 1971 இரண்டும் ஃபோர்டின் ஆலன் மொஃபட்டுக்கு. சண்டை சூடு பிடித்துவிட்டது!

ஒரு பியர் அட்டைப்பெட்டிக் கதையை இங்கே சொல்லியே ஆக வேண்டும். 1971-ல் மொஃபட் முன்னணியில் ஓடிக்கொண்டிருக்கும்போது காற்றில் பறந்து வந்த பியர் அட்டைப்பெட்டி ஒன்று அவர் காரின் முன்பக்க கிரில்லில் ஒட்டிக்கொண்டது. ரேடியேட்டருக்குக் காற்றுப் போகிற வழியே அதுதான். அவர் நிறுத்தவில்லை. பெட்டியோடேயே ஓட்டினார், பந்தயத்தையும் ஜெயித்தார். இன்ஜின் தாங்கியது ஃபோர்டுக்கு நல்ல விளம்பரம்.

அந்தக் கார்தான் ஃபால்கன் ஜிடி-எச்ஓ மூன்றாம் கட்டம். 5.8 லிட்டர் வி-8, 36 கேலன் பெட்ரோல் டேங்க். வீட்டுக் காருக்கு எதற்கு 36 கேலன்? பந்தயத்தில் பெட்ரோல் போட நிற்கிற தடவைகளைக் குறைக்கத்தான். ஆனால் ரூல்படி பொதுமக்களுக்கும் விற்றாக வேண்டுமே, அதனால் 300 கார் செய்து விற்றார்கள். பிற்காலத்தில் நல்ல நிலையில் இருந்த ஒன்று பத்து லட்சம் டாலருக்கு மேல் போயிருக்கிறது. இப்படி, பந்தயத்துக்காகவே கார் செய்து அதை ஊருக்கும் விற்பது, ஞாயிற்றுக்கிழமை ஜெயித்துத் திங்கட்கிழமை ஷோரூமில் கூட்டம் சேர்ப்பது, இதுதான் அந்தக் கால வியாபாரம். 1972-ல் சிட்னிப் பத்திரிகை ஒன்று 'மணிக்கு 160 மைல் ஓடும் கார்கள் ரோட்டுக்கு வரப்போகின்றன' என்று எழுதியது. அமைச்சர்கள் கொதித்தார்கள். ஃபோர்டும் ஹோல்டனும் அடுத்து வரவிருந்த மாடல்களைக் கைவிட்டன.

அதே 1972-ல் மழையில் நடந்த பந்தயத்தில் ஹோல்டனின் பீட்டர் பிராக், 3.3 லிட்டர் ஆறு சிலிண்டர் டொரானாவை வைத்துக்கொண்டு 5.8 லிட்டர் ஃபோர்டுகளை ஜெயித்தார். ஈர ரோட்டில் குதிரைசக்தியைவிட எடை குறைவான வண்டிக்குத்தான் மவுசு. அன்று தொடங்கி பிராக் மொத்தம் ஒன்பது முறை பாதர்ஸ்டில் ஜெயித்தார். 1979-ல் ஆறு சுற்று முன்னணி இருந்தும், கடைசிச் சுற்றில் புது லேப் ரெக்கார்டு வைத்தார். தேவையே இல்லை. ஆனால் சிவப்புக்கொடிக்காரர்கள் அவரைச் சாமியாகக் கும்பிட்டதற்கு இந்த மாதிரித் தேவையில்லாத காரியங்கள்தான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

நீலக் கட்சிக்கும் ஒரு நாயகன் வேண்டுமே! 1980-ல் கிடைத்தார். டிக் ஜான்சன் என்கிற குயின்ஸ்லாந்துக்காரர், பெரிய கம்பெனி உதவி இல்லாமல் சொந்தக் காசைப் போட்டு ஃபால்கன் ஒன்றைத் தயார் செய்து வந்து, 18-வது சுற்றில் முன்னணியில் இருந்தார். வளைவில் திரும்பினால் ரோட்டில் ஒரு பெரிய கல். கார் நொறுங்கியது. டெலிவிஷனில் பேசும்போது மனுஷன் உடைந்துபோனார், இனிமேல் பந்தயம் ஓட்டப் பணமில்லை என்றார். உடனே டெலிபோன்கள் அடிக்க ஆரம்பித்தன. ஐந்து டாலர், பத்து டாலர் என்று ஜனங்கள் கொடுக்க, ஜனங்கள் கொடுப்பதற்குச் சமமாகத் தானும் தருவதாக ஃபோர்டு கம்பெனி சொன்னது. மொத்தம் சுமார் 1,44,000 டாலர் சேர்ந்தது. மறு வருஷம் 1981-ல் ஜான்சன் அதே மலையில் ஜெயித்தார். கம்பெனி போட்டி என்று நாம் சொல்கிறோம். அந்தக் காரில் பாதி, பேர் தெரியாத ஜனங்களின் பணம்!

இப்போது ஒரு சிக்கலான விஷயம். ரசிகன் யாருக்கு விசுவாசம்? கம்பெனிக்கா, ஓட்டுகிற ஆளுக்கா? 1987-ல் பிராக்குக்கும் ஹோல்டனுக்கும் சண்டை. காந்தமும் படிகமும் வைத்த ஒரு பெட்டியை 'எனர்ஜி போலரைசர்' என்று பெயரிட்டு, இதைக் காரில் மாட்டினால் வண்டி நன்றாக ஓடும் என்றார் பிராக். (அப்ளைடு பிசிக்ஸ் பாஸ் செய்த யாரும் நம்பமாட்டார்கள்.) கம்பெனி உறவை முறித்துக்கொண்டது. சிவப்புச் சாமி 1988-ல் பி.எம்.டபிள்யூ ஓட்டினார். அடுத்த இரண்டு வருஷம் ஃபோர்டே ஓட்டினார்! 1991-ல் திரும்பி வந்ததும் ரசிகர்கள் ஏற்றுக்கொண்டார்கள். பிராக்கின் சீடரான கிரெய்க் லௌண்ட்ஸ் 2001-ல் ஹோல்டனை விட்டு ஃபோர்டுக்குத் தாவினார். நேற்றுவரை கைதட்டியவர்களே கூச்சல் போட்டார்கள். 2006 செப்டம்பரில் பிராக் ஒரு ராலியில் விபத்தில் இறந்தார். அடுத்த மாதம் நடந்த பாதர்ஸ்ட் பந்தயத்தில் அவர் பெயரால் முதல்முறையாகக் கோப்பை கொடுத்தார்கள். வாங்கியவர் யார் தெரியுமா? லௌண்ட்ஸ், ஜேமி வின்கப்புடன் சேர்ந்து. அதுவும் ஃபோர்டில். அன்றைக்கு எந்தக் கொடிக்காரன் அழுதான் என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

மூன்றாவது ஆள் உள்ளே வந்தால் என்ன நடக்கும் என்பதையும் பார்க்க வேண்டும். 1992-ல் நிஸான் ஸ்கைலைன் ஜிடிஆர், நாலு சக்கரமும் இழுக்கும் டர்போ வண்டி. கொட்டும் மழையில் அந்தக் கார் விபத்துக்குள்ளாகி நின்றுவிட்டது. பந்தயத்தைப் பாதியில் நிறுத்தி, முந்தைய சுற்றின் நிலையை வைத்து நிஸானுக்கே வெற்றி என்றார்கள். மேடைக்குக் கீழே இரண்டு கொடிக்காரர்களும் ஒன்றுசேர்ந்து கத்தினார்கள். ஓட்டுநர் ஜிம் ரிச்சர்ட்ஸ், ஹோல்டனில் பல வருஷம் பிராக்கோடு சேர்ந்து ஜெயித்தவர்தான், மைக்கைப் பிடித்துக் கூட்டத்தைக் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டார். மலரில் அச்சேற்ற முடியாத வார்த்தை. அதே பந்தயத்தில் முன்னாள் உலக சாம்பியன் டென்னி ஹ்யூம் ஓட்டும்போதே மாரடைப்பில் இறந்திருந்தார். அந்தச் செய்தியோடு மேடையேறியவர் ரிச்சர்ட்ஸ் என்பதை நினைத்தால் கூட்டத்தின் மேல்தான் எனக்குக் கோபம் வருகிறது.

1993-ல் ரூலை மாற்றி 5 லிட்டர் வி-8 என்றார்கள். ஃபால்கன், கமடோர் இரண்டே பெயர்கள். இங்கேதான் நம் பாடம் ஆரம்பிக்கிறது. ரசிகனுக்குத் தன் கம்பெனி ஜெயிக்க வேண்டும். பந்தயம் நடத்துகிறவனுக்கோ யாரும் தொடர்ந்து ஜெயித்துவிடக் கூடாது, டிக்கெட் விற்காது! அதனால் இரண்டு காரையும் சமமாக்கும் வேலை. நிமிஷத்துக்கு 7500 சுற்றுக்கு மேல் இன்ஜின் போகக் கூடாது, கம்ப்ரஷன் ரேஷியோ பத்துக்கு ஒன்று. 2003-ல் முன் சஸ்பென்ஷனையும் ஒரே மாதிரி டபுள் விஷ்போன் ஆக்கினார்கள். 2013-ல் அடிப்படைச் சட்டமே எல்லோருக்கும் பொது. மேலே போர்த்திய தகடு ஃபோர்டா ஹோல்டனா என்பதே மிச்சம். அப்படியும் சண்டை தீர்ந்ததா? 2019-ல் முஸ்டாங் வந்து அடுத்தடுத்து ஜெயித்ததும், அதன் புவியீர்ப்பு மையம் கீழே இருக்கிறது என்று கூரைப் பக்கம் எடை ஏற்றினார்கள். பிறகு இறக்கையையும் வெட்டிக் குறைத்தார்கள். வேகமாக ஓடியதற்குத் தண்டனை என்று நீலக்கொடிக்காரர்கள் கொதித்ததில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் கொதித்தவர்களில் எத்தனை பேருக்கு இரண்டு காரின் கியர்பாக்ஸும் ஒரே கடைச் சரக்கு என்று தெரியும்?

இதைவிடப் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. 'ஆஸ்திரேலியாவின் சொந்தக் கார்' என்று மார்தட்டிய ஹோல்டன், 1856-ல் அடிலெய்டில் குதிரைச் சேணம் தைக்கிற கடையாக ஆரம்பித்தது உண்மை. ஆனால் 1931-லேயே அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸ் அதை வாங்கிவிட்டது. ஃபோர்டு அமெரிக்கா என்று எல்லோருக்கும் தெரியும். ஆக, அப்பன் ஃபோர்டு என்பதால் மகனும் ஃபோர்டு என்று மூன்று தலைமுறை மலைமேல் கூடாரம் போட்டுச் சண்டை பிடித்தது டெட்ராய்ட் வட்டாரத்து இரண்டு முதலாளிகளுக்காக! ஆனால் பிராட்மெடோசிலும் எலிசபெத்திலும் அந்த வண்டிகளை அசெம்பிளி லைனில் நின்று செய்தது உள்ளூர்த் தொழிலாளி. அவனுடைய கார் என்று அவன் சொன்னால் எப்படித் தப்பாகும்?

அந்த ஷாப் ஃப்ளோர்கள் இன்று இல்லை. 2016 அக்டோபர் 7-ல் ஃபோர்டு ஆஸ்திரேலியாவில் கார் செய்வதை நிறுத்தியது. 2017 அக்டோபர் 20-ல் ஹோல்டனின் எலிசபெத் ஆலை மூடப்பட்டது. 2020 பிப்ரவரியில் ஹோல்டன் என்ற பெயரையே எடுத்துவிடுவதாக ஜெனரல் மோட்டார்ஸ் அறிவித்தது. (மறைமலைநகர் ஃபோர்டு ஆலையில் 2022 ஜூலையில் கடைசிக் கார் இறங்கியதை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்த எத்தனையோ பேர் அங்கே வேலை பார்த்தார்கள்.) கம்பெனி கணக்குப் புத்தகத்தில் ரசிகனின் விசுவாசத்துக்கு என்று ஒரு பத்தி கிடையாது.

2022-ல் பாதர்ஸ்டில் ஹோல்டன் கடைசியாக ஓடியது. ஷேன் வான் கிஸ்பெர்கனும் கார்த் டாண்டரும் கமடோரில் ஜெயித்தார்கள். 2023 முதல் அந்த இடத்தில் செவர்லே கமாரோ. 5.7 லிட்டர் புஷ்ராடு இன்ஜின் அதற்கு, முஸ்டாங்குக்கு 5.4 லிட்டர், நாலு கேம்ஷாஃப்ட். இந்த இரண்டையும் சமமாக்கப் பட்ட பாட்டில் கடைசியில் அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் விண்ட் டன்னலில் வைத்துப் பார்த்தார்கள். அந்தக் கமாரோவும் 2024-க்குள் தொழிற்சாலையில் நின்றுபோனது. மலைமேல் கூடாரம் போடுகிறவர்கள் இன்னும் சிங்கம் போட்ட சிவப்புக் கொடியைத்தான் நடுகிறார்கள், கமாரோவுக்காக.