பாட்டுப் பெட்டகத்துக்கு எந்தக் கணினி?

1929இல் நிறுவப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இசைத்துறையும், 1981இல் தொடங்கிய நாட்டியாஞ்சலி விழாவும் சிதம்பரத்தைச் சூழ்ந்த வட்டாரத்துக்கு இசைகேட்கும் பழக்கத்தை ஊட்டி வளர்த்தவை. இத்தகைய ஊர்களில் பரண்மேல் கிடக்கும் கேசட்டுகளும் அலமாரியில் அடுக்கிய குறுந்தட்டுகளும் கணினிக் கோப்புகளாக மாறும்போது, அவற்றை ஓரிடத்தில் சேமித்து, கூடத்து ஸ்பீக்கருக்கும் மாடியறைக் கைபேசிக்கும் வீட்டு வைஃபை வழியே வேண்டும்போதெல்லாம் அனுப்புவதற்கு ஒரு கருவி தேவைப்படுகிறது. அக்கருவியே சர்வர் எனப்படுகிறது. இதற்கெனத் தனிப்பெட்டி வாங்குவதா, வீட்டிலிருக்கும் பழைய கணினியையே அமர்த்துவதா என்பதைத் தீர்மானிக்க மின்கட்டணம், கடற்காற்று, பாட்டுப் பட்டியல் ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும். கணினியின் வேகம் அவற்றுக்குப் பின்னரே வரும்.

வேகம் பின்னுக்குப் போவதற்குக் காரணம், பாட்டை அனுப்புவது மிக எளிய பணி என்பதே. குறுந்தட்டில் உள்ள ஒலி, நொடிக்கு 44,100 முறை அளக்கப்பட்டு எண்களாகப் பதிவானது; அது ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 635 எம்.பி. இடம் பிடிக்கும். ஃப்ளாக் என்னும் கோப்பு வடிவம், ஒலியில் ஓர் எண்ணையும் இழக்காமல் அதனை ஏறக்குறையப் பாதியளவுக்குச் சுருக்கிவிடுவதால், மூன்று மணி நேரக் கச்சேரி ஒன்று சுமார் 1 ஜி.பி.யில் அடங்கும், 1 டி.பி. வட்டில் 2,500 மணி நேரத்துக்கும் மேலான இசையை வைக்கலாம். குறுந்தட்டைவிட நுட்பமான 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் பதிவுக்குக்கூட நொடிக்கு 4.6 மெகாபிட் போதுமானதாகையால், சாதாரண வைஃபை அதனைத் தடையின்றித் தாங்கும்.

ஆயினும் சர்வர் இரவும் பகலும் இயங்குவது. ஆகவே மின்கணக்கு முதன்மை பெறுகிறது. 60 வாட் இழுக்கும் பழைய மேசைக்கணினி, இரண்டு மாதத்தில் ஏறத்தாழ 86 யூனிட் செலவழிக்கும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 100 யூனிட் இலவசம் என்னும் நிலையில், அச்சலுகையின் பெரும்பகுதியைப் பாட்டுப்பெட்டி ஒன்றே விழுங்கிவிடும். 2012 முதல் விற்பனையிலுள்ள ராஸ்பெர்ரி பை போன்ற உள்ளங்கையளவு கணினியோ 5 முதல் 8 வாட் அளவில் இயங்கி, அதே காலத்தில் 7 முதல் 12 யூனிட்டுடன் நின்றுவிடும். நாஸ் எனப்படும், வலையோடு இணையும் வட்டுப்பெட்டி இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. குடும்பப் படங்களையும் ஆவணங்களையும் சேர்த்துக் காக்க விரும்புவோருக்கு அது பொருந்தும்.

விலை கூடிய சர்வர் இனிமையான ஒலி தரும் என்று எண்ணுவது பொதுவான மயக்கம். எண்களை அனுப்புவதோடு சர்வரின் வேலை முடிந்துவிடுகிறது. அவ்வெண்களைச் செவிக்குரிய மின்னலையாக மாற்றுவது டாக் என்னும் மாற்றி, அதனைப் பெருக்குவது ஆம்ப்ளிஃபயர். எனவே கையிலிருக்கும் பணத்தில் பெரும்பங்கு டாக்கிற்கும் ஸ்பீக்கருக்கும் போவதே முறை.

சிதம்பரம் அடங்கிய கடலூர் மாவட்டத்தில் இடமும் ஒரு சோதனையாகிறது. கடற்கரையை ஒட்டிய தெருக்களில் உப்பேறிய ஈரக்காற்று இரும்பை அரிப்பதால், அக்காற்றை ஓயாது உள்ளிழுக்கும் மின்விசிறி கொண்ட கணினியைவிட, விசிறியில்லாத, வெப்பத்தை உலோக உடல்வழியே வெளியேற்றும் பெட்டி நீடித்து உழைக்கும். தம்புராவின் மெல்லிய சுருதி ஒலிக்கும் அறையில் அதன் மௌனமும் ஒரு பயன். 2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் கரைகடந்தபின் பல நாள் மின்சாரமின்றி இருந்த மாவட்டம் இது. கோப்பு எழுதப்படும்போது மின்சாரம் திடீரென நின்றால் வட்டும் நினைவட்டையும் பழுதாகக்கூடும் என்பதால் சிறு யு.பி.எஸ். இன்றியமையாதது, ஆனால் ரவுட்டருக்கென விற்பவை பெரும்பாலும் 12 வோல்ட் தருபவை, ராஸ்பெர்ரி பைக்கு 5 வோல்ட் வேண்டும் என்பதைப் பார்த்தே வாங்க வேண்டும்.

மென்பொருளைத் தேர்வதில் கருநாடக இசைக்கெனத் தனி எதிர்பார்ப்புகள் உண்டு. ராகம், தானம், பல்லவி மூன்றும் குறுந்தட்டில் மூன்று தடங்களாகப் பிரிந்திருக்கையில், தடங்களுக்கிடையே அரை நொடி மௌனம் விழுந்தாலும் சுருதி அறுந்ததுபோல் கேட்கும். எம்.பி.3 கோப்புகளின் தொடக்கத்திலும் முடிவிலும் சிறு வெற்றொலி சேர்வதே இதற்கு ஒரு காரணம். ஃப்ளாக்கில் அக்குறை இல்லை, எனினும் இயக்கும் மென்பொருளும் இடைவெளியின்றி வாசிக்க வல்லதாக இருக்க வேண்டும். மேலும், ஃப்ளாக் கோப்புக்குள் ராகம், தாளம், பக்கவாத்தியம் என விரும்பிய தலைப்புகளில் குறிப்பெழுத இடமுண்டு. இலவசமாகக் கிடைக்கும் லிரியன், நேவிட்ரோம், ஜெல்லிஃபின் ஆகிய சர்வர் மென்பொருள்களில் எது அக்குறிப்புகளைத் தமிழிலேயே தேடித்தருகிறது என்பதைப் பத்துப் பாட்டுகளை வைத்துச் சோதித்த பின்னரே முழுத் தொகுப்பையும் ஏற்றுவது நல்லது.

இறுதியாக, வட்டு என்றேனும் பழுதாகும் என்று கொண்டே திட்டமிட வேண்டும். ஒரே பெட்டிக்குள் இரண்டு வட்டுகள் இருப்பது வெள்ளத்துக்கோ இடிமின்னலுக்கோ காப்பாகாது. கடலூரும் சிதம்பரமும் ஒரே புயல் பாதையில் இருப்பதால், ஒரு படி திருச்சியிலோ சேலத்திலோ உள்ள உறவினர் வீட்டில் இருப்பதே பாதுகாப்பு. பூஞ்சை பிடித்து நாடா நைந்துபோன கேசட்டுக்குக் கணினிக் கோப்பே மூலப்படி ஆகிவிடுகிறபடியால், சர்வருக்கு ஒதுக்கும் தொகையிலேயே அந்த இரண்டாவது வட்டின் விலையையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.