முதியோர் கல்வியின் வாயில்

பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்தியவர் நாற்பது வயதில் பல்கலைக்கழகத்தை நாடினால், அவரை முதலில் எதிர்கொள்வது ஆசிரியர் அல்லர், சேர்க்கை விதியே. எத்தனை மதிப்பெண், எந்தச் சான்றிதழ் என்று அது வினவும். இவ்விதியை நீக்கினால் என்ன நேரும்? பிரிட்டன் தரும் விடையை உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

வானொலி, தொலைக்காட்சி வாயிலாகப் பல்கலைக்கழகக் கல்வி தரலாம் என்று 1963-ஆம் ஆண்டில் ஹரால்ட் வில்சன் கூறினார். அக்கருத்திலிருந்து பிறந்த திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1969-இல் அரச சாசனம் பெற்று, 1971-இல் பாடம் தொடங்கியது. சேர்வதற்கு முன்தகுதி வேண்டியதில்லை. பட்டம் பெறுவதற்கோ தேர்வில் தேறியாக வேண்டும். முதலாண்டில் ஏறத்தாழ 24,000 பேர் சேர்ந்தனர். வாயில் அகன்றது, தரத்துக்குத் தேர்வு காவல் நின்றது.

ஆயினும் வேறொரு விதி குறுக்கிட்டது. 2012-இல் இங்கிலாந்தில் அரசு மானியம் குறைய, கட்டணம் உயர்ந்தது. பகுதிநேர மாணவர்க்கும் கடனுதவி வந்தது; ஆனால் முன்பே பட்டம் பெற்றவரில் பெரும்பாலோர்க்கு அது கிட்டவில்லை. குடும்பம் தாங்குவோர் பலர் கடன்பட அஞ்சினர். அந்தப் பத்தாண்டுக்குள் அந்நாட்டின் பகுதிநேர மாணவர் தொகை பெரிதும் குறைந்தது.

மாணவ நண்பர்களே! கல்விச் சட்டம் எதையேனும் படிக்க நேர்ந்தால், அது யாரைச் சேர்த்துக்கொள்கிறது என்று மட்டும் பாராதீர்கள். செலவை யார்மேல் சுமத்துகிறது என்றும் பாருங்கள். மதிப்பெண் கேளாத வாயில் பணம் கேட்குமாயின், ஏழைத் தொழிலாளிக்கு அதுவும் அடைத்த வாயிலே.